மறு: 'ப்ராபபிள் பிரைம்' (probable prime) என்பதற்கான தமிழ்க் கலைச்சொல்

> பாடநூலில் 'நிகழ்தகவு' இருக்கிறதே, 'நிகழ்தகவுப் பகா எண்' என்றே வைத்துவிடலாமா?

வைக்கலாம், ஆனால் பொருள் பிறழும். ஓர் எண் ஒன்று பகாது, இல்லை பகும். அதில் நிகழ்தகவுக்கு வேலையில்லை. சொல்ல வேண்டியது, அது ஒரு சோதனையில் தேறியது என்பதை மட்டுமே. எண்ணில் 1 குறைத்து, அதை அடுக்காக வைத்து 2-ஐ உயர்த்தி, தொடங்கிய எண்ணாலேயே வகுக்கிறோம். ஒற்றை எண் ஒன்றுக்கு மீதி 1 வராவிட்டால் அது பகு எண்தான். வந்தால் முடிவில்லை. 341-ஐப் பாருங்கள்: 2¹⁰ = 1024 = 3×341 + 1. 340, 10-இன் மடங்கு. ஆகவே 2³⁴⁰-க்கும் மீதி 1. ஆனால் 341 = 11×31.

என் பரிந்துரை: தேறியது எதுவானாலும் 'பகாநிகர் எண்'. தேறியும் பகு எண்ணாக இருப்பது மட்டும் 'போலிப் பகா எண்'. முன்மடலில் இரண்டுக்கும் 'போலி' என்றிருந்தது. அப்படியானால் 7-ம் போலியாகிவிடும்.

அடிமானத்தையும் (மேலே 2 போல, அடுக்கேற்றும் எண்ணை) சேர்த்தே சொல்ல வேண்டும். 2047 = 2¹¹ − 1 = 23×89. 2¹¹-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1; 2046 = 11×186. மெர்சென் எண்ணின் (2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்) அடுக்கு பகா எண்ணானால் 2-இன் சோதனை எப்போதும் தேறும், ஒன்றும் சொல்லாது. அதனால்தான் மெர்சென் பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் (GIMPS) திட்டத்தார் 3-ஐ எடுக்கிறார்கள். 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் ஒரு ஜிபியு (வரைகலைச் செயலி) 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற 4,10,24,320 இலக்க எண்ணைத் தேறியதாகக் காட்டியது. மறுநாள் சான் அன்டோனியோவில் மெர்சென் எண் பகா எண்தானா என்று உறுதியாகச் சொல்லும் லூக்கா–லேமர் சோதனை அதை நிறுவியது. இடைப்பட்ட நேரத்தில் அது 3-அடிமானப் பகாநிகர் எண், அவ்வளவே.

--

> 'பகாநிகர் எண்'

'நிகர்' என்றதும் நிகர லாபம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் இதைவிடச் சுருக்கமாக ஒன்று தோன்றவில்லை, ஏற்கிறேன். இலங்கை நண்பர்களுக்கு 'முதன்மைநிகர் எண்' என்று இணைச்சொல் கொடுத்துவிடுங்கள்; அங்கே பகா எண் 'முதன்மை எண்'தான்.

மில்லர்–ராபின் என்ற இன்னும் கடுமையான சோதனைக்கு என்ன செய்வது? 561 = 3×11×17 ஒரு கார்மைக்கேல் எண்; தன்னோடு பொதுக்காரணி இல்லாத எல்லா அடிமானங்களிலும் முதல் சோதனையில் தேறும். மில்லர்–ராபின் அதை, 560-ஐப் பாதி பாதியாக்கி வரும் அடுக்குகளில், இடைவழியில் பிடிக்கிறது: 2¹⁴⁰-க்கு மீதி 67, அதன் வர்க்கத்துக்கு மீதி 1. மாடுலஸ் (வகுக்கும் எண்) பகா எண்ணானால் 1-க்கு வர்க்கமூலம் 1-ம் −1-ம் மட்டுமே. 67 நுழைந்ததுமே குட்டு உடைகிறது. போதாக்குறைக்கு 67 − 1 = 66-க்கும் 561-க்கும் மீ.பொ.வ. 33, காரணியும் கையில் கிடைத்துவிடும்.

இதில் தேறுவதை 'வன்பகாநிகர் எண்' எனலாம். சமவாய்ப்பில் எடுத்த ஓர் அடிமானத்துக்குப் பகு எண் தப்பும் வாய்ப்பு அதிகபட்சம் 1/4. 2048 பிட் ஆர்எஸ்ஏ (RSA மறையாக்க முறை) சாவிக்கான இரண்டு 1024 பிட் எண்களும் பெரும்பாலும் இந்த வகைதான். மென்பொருளில் 'பகா எண் கிடைத்தது' என்று மொழிபெயர்த்திருக்கும் வரிகளைத் திருத்த வேண்டும்.

--

வன்பகாநிகருக்கு என் ஒப்புதல். 'சேஃப் பிரைம்' (23 = 2×11 + 1 போன்றவை) பட்டியலில் 'பாதுகாப்பான பகா எண்' என்று கிடக்கிறது; அதைத் தனி இழையில் எடுப்போம்.