நிறவெறியைச் சிரித்துச் சொல்லலாமா? ட்ரெவர் நோவாவின் கட்டுரைகளை முன்வைத்து

கடற்காகம்:
தென்னாப்பிரிக்க நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவாவின் 'பார்ன் எ கிரைம்' (2016) என்னும் தன்வரலாற்று நூலை வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று சொல்லியே பலரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1984இல் ஜொகானஸ்பர்க்கில் கறுப்பினத் தாய்க்கும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வெள்ளையினத் தந்தைக்கும் பிறந்தவர் அவர். பூங்காவில் 'அப்பா' என்று கூவியபடி அவர் ஓட, சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, தந்தை பதறி ஓட்டமெடுக்க, பிள்ளை அதை விளையாட்டென்று நினைத்துத் துரத்துகிறது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான அத்தகைய உறவைக் குற்றமாக்கிச் சிறை விதித்த சட்டம், அவர் பிறந்த மறு ஆண்டுதான் நீங்கியது. அந்த அச்சத்தை நகைச்சுவையாக்கினால், வாசகர் சிரித்துவிட்டு உறுத்தலின்றி நூலை மூடிவிடுகிறார்.

பேனாமுள்:
நண்பரே, அங்கே சட்டமே கேலிக்கூத்தாகத்தானே இருந்தது? தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் வெள்ளையர் அல்லர் என்று அதிகாரிகள் தீர்மானித்ததை முகத்தை இறுக்கிக்கொண்டு விவரித்தால், அச்சட்டத்துக்கு இல்லாத மரியாதையை நாமே கொடுத்ததாகிவிடும். மகனின் நிறத்திலிருந்த வேறொரு பெண்ணை அவனுடன் நடக்கவிட்டு, பெற்றவள் வேலைக்காரியைப் போல் சில அடிகள் பின்னால் வந்தாளே, அந்தப் புகைப்படங்களைப் பற்றி அவர் கேலியாக எழுதும் இடத்தில் நான் சிரித்தேன், உறுத்தல் குறையவில்லை.

கடற்காகம்:
அப்படிப் படிப்பவர்கள் குறைவு. கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள். மாற்றாந்தந்தையின் அடி தாங்காமல் தாய் பாட்ரிசியா காவல் நிலையத்துக்குப் போனால், அவனுக்குக் கோபம் வரும்படி நீ என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். 2009இல் அவன் அவரைத் தலையில் சுட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டும் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. இங்கே நோவா நகைச்சுவையைப் பெரும்பாலும் ஒதுக்கிவைக்கிறார், நூல் என்னைத் தாக்கியதும் இங்கேதான்.

பேனாமுள்:
பெரும்பாலும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். குண்டு மூக்கு வழியே வெளியேறிய நிலையில், மருத்துவமனைப் படுக்கையில் அழும் மகனிடம், இனி இந்தக் குடும்பத்தில் நீதான் அழகன் என்னும் பொருள்படச் சீண்டுகிறவர் அந்தத் தாய்தான். நோவாவின் நகைச்சுவை அவரிடமிருந்து வந்தது. அதை நீக்கிவிட்டு எழுதியிருந்தால் அடிபட்ட ஒரு பெண் மிஞ்சியிருப்பார், பாட்ரிசியா மிஞ்சியிருக்க மாட்டார்.

கடற்காகம்:
பாட்ரிசியாவுக்கு அந்த உரிமை உண்டு, மகனுக்கும் உண்டு. எந்த ஆபத்துமின்றிப் படித்துச் சிரிக்கும் நம்மைப் பற்றித்தான் என் கேள்வி. அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.