வீட்ல இருந்து அனுப்பிட்டாங்க, ஷெல்டருக்கும் போக மாட்டேங்குறா, நான் என்ன செய்யலாம்?

மழைத்துளி:
என் ஃப்ரெண்ட் திருநங்கை. விஷயம் தெரிஞ்சதும் வீட்ல வெளிய அனுப்பிட்டாங்க, அதுலேர்ந்து தெரிஞ்சவங்க வீட்டு ஹால்ல மாத்தி மாத்தி தங்குறா, யாரும் சேத்துக்கலன்னா பஸ் ஸ்டாண்ட்தான். ஷெல்டர்ல கேட்டா ஐடில ஆண்னு இருக்கு, ஆம்பளைங்க ஹால்லதான் இடம்னு சொல்லிட்டாங்க, அதுக்கு பஸ் ஸ்டாண்டே பரவால்லங்கிறா. ஹார்மோன் வாங்க காசில்லாம யாரோ சொன்னாங்கன்னு கருத்தடை மாத்திரை போடுறா, அதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு.

ஊர்க்குருவி:
பஸ் ஸ்டாண்டே பரவால்லன்னு அவ சொன்னா அத அப்படியே நம்புங்க, அடம்னு நினைக்காதீங்க. ஆம்பளைங்க ஹால்ல ராத்திரி என்ன நடக்கும்னு அவளுக்கு தெரியும். மத்த ஷெல்டருக்கு, பெண்கள் ஷெல்டருக்கும் சேத்து, நீங்களே போன் பண்ணி எந்த ஹால், பாத்ரூம் கதவுக்கு தாழ்ப்பா இருக்கா, என்ன பேர் சொல்லி கூப்பிடுவாங்கன்னு கேட்டுட்டு அப்புறமா அவள அனுப்புங்க, வாசல்ல நாலு பேர் முன்னாடி அவ பதில் சொல்லிட்டு நிக்க வேண்டாம். உதவி கேக்குற எடத்துல "ஃப்ரெண்ட்ஸ் வீட்ல இருக்கேன்"னு மட்டும் சொன்னா வீடு இருக்குன்னு எழுதிடுவாங்க, நாளைக்கு எங்க படுக்குறதுன்னு தெரியலங்கிறத தெளிவா சொல்லணும்.

வெள்ளை ஏப்ரன்:
நான் நர்ஸ். கருத்தடை மாத்திரைல பெரும்பாலும் எத்தினைல் ஈஸ்ட்ராடியால்னு ஒரு செயற்கை பெண் ஹார்மோன் இருக்கும், அது ரத்தம் உறையுற ஆபத்த கூட்டும், அதனாலதான் டாக்டர்ங்க இந்த சிகிச்சைக்கு அத குடுக்குறதில்ல, சிகரெட் பழக்கமும் இருந்தா இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்குனாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே எமர்ஜென்சி. ஸ்பைரோனோலாக்டோன்னு ஆண் ஹார்மோன தடுக்குற மாத்திரை, அதையும் போடுறாளான்னு கேளுங்க, அது அடிக்கடி யூரின் போக வைக்கும், வெளிய தங்குறவங்க டாய்லெட் இல்லாததால தண்ணி குடிக்குறதையே நிறுத்திடுறாங்க, அது ரொம்ப ஆபத்து. இன்னொண்ணு, அவள யாராவது பலவந்தப்படுத்தியிருந்தா எச்ஐவி தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஆரம்பிச்சு 28 நாள் போடணும். தெரியாம போயிடக் கூடாதுன்னு சொல்றேன்.

கரையோரம்:
நான் திருநம்பி, கொஞ்ச காலம் ஷெல்டர்ல இருந்தவன். யாரும் பாத்துடக் கூடாதுன்னு பைண்டர (மார்ப இறுக்கி தட்டையா காட்டுற உள்ளாடை) கழட்டாமலே தூங்கி விலா எலும்பு வலி, மூச்சு முழுசா இழுக்க முடியாது, ஆனாலும் டாக்டர்கிட்ட போகல, காரணம் வெயிட்டிங் ஹால்ல பழைய பேர சத்தமா கூப்பிடுவாங்க. கவுன்ட்டர்ல முன்னாடியே டோக்கன் நம்பர் சொல்லி கூப்பிடுங்கன்னு கேளுங்க, நெறய எடத்துல ஒத்துக்குறாங்க. இது மனநோய்னு யாராவது திருப்பி அனுப்புனா உலக சுகாதார நிறுவனம் 2019லயே ஐசிடி-11ங்கிற அவங்களோட நோய் வகைப்பாட்டுல இத மனநோய் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சுன்னு சொல்லுங்க. முடிஞ்சா நீங்களும் கூட போங்க, தனியா போனா பாதிலயே திரும்பி வந்துடத் தோணும்.

மழைத்துளி:
எல்லாருக்கும் நன்றி. மாத்திரைய பத்தி இன்னைக்கே பேசுறேன், நாளைக்கு காலைல டாக்டர்கிட்ட நானும் கூட போறேன். அவ ஐடி, சர்டிபிகேட் எல்லாம் இன்னும் அந்த வீட்லயே இருக்கு, அவ போகாம அத எப்படி வாங்குறது?

ஊர்க்குருவி:
அவங்க வீட்ல அவகூட இன்னும் பேசுறவங்க, தங்கச்சியோ சித்தியோ, யாராவது இருக்காங்களா? அவங்க மூலமா கேளுங்க. கிடைக்கலன்னா சோஷியல் வொர்க்கர்கிட்ட சொல்லி நகல் வாங்க அப்ளை பண்ணலாம், தபால் வர உங்க அட்ரஸ குடுக்க முடியுமான்னு பாருங்க.