வருஷச் சாமான் வாங்கிப் போட்டால் உண்மையிலேயே மிச்சமாகுமா?

கேள்வி: மதுரை மருமகள்

மாதாமாதம் அண்ணாச்சி கடையில் சீட்டு எழுதிக் கொடுத்துச் சாமான் வாங்குகிற வீடு எங்களுடையது. "புளி, மிளகாய், பருப்பை எல்லாம் பங்குனியிலேயே கீழமாசி வீதியில் மொத்தமாக எடுத்துப் போடு, வருஷம் பூரா கவலையில்லை" என்கிறார் அத்தை. வீட்டுக்காரரோ ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எங்கேயாவது பார்த்துவிட்டால் போதும், சோப்பும் ஷாம்பூவும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். இருப்பது வாடகை வீடு, கட்டிலுக்கு அடியில் இப்போதே இடமில்லை. எதை வாங்கி வைத்தால் லாபம், எதை வண்டுதான் தின்னும்? சொல்லுங்களேன்.

பதில்: விருதுநகர்க்காரி

அத்தை சொல்வது சரிதான், ஆனால் எல்லாச் சாமானுக்கும் பொருந்தாது. வயலிலும் மரத்திலும் விளைவதை வாங்கி வையுங்கள். கம்பெனியில் தயாராவது எப்போதும் கடையில் இருக்கும், அதற்கு நீங்கள் ஏன் குடோன் நடத்த வேண்டும்?

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கும் கிட்டத்தட்ட அதுதான் காலம். வரத்து கூடும்போது விலை இறங்கும், அப்போது எடுக்க வேண்டும். கொட்டைப்புளி மலிவாகத் தெரியும், ஆனால் கொட்டையும் நாரும் போக எவ்வளவு தேறும் என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். சுத்தம் செய்த புளியை நல்ல வெயிலில் காயவைத்து, இடையிடையே கல் உப்புத் தூவி, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ கையால் அமுக்கி வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளி அரித்துவிடும். நாளாக நாளாகக் கறுக்கும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. வத்தக்குழம்புக்கு எனக்குப் பழம்புளிதான் பிடிக்கும்.

மிளகாயைக் காம்போடு, குலுக்கினால் விதை சலசலக்கும் வரை காயவைத்து எடுத்து வையுங்கள். வருஷத்துக்கும் சேர்த்துத் திரித்து வைத்தால் நிறமும் மணமும் போய்விடும். அவ்வப்போது கொஞ்சம் திரித்துக்கொண்டால் போதும். ரவையை லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். மைதா, கடலை மாவெல்லாம் மொத்தமாக வாங்கி வைக்கவே வேண்டாம்.

பதில்: கணக்குப்பிள்ளை

வீட்டுக்காரர் சோப்பு விஷயத்துக்கு ஒரு தகவல். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பூ, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தின மாதம் பெட்டிக்கணக்கில் அடுக்கியவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சோப்பில் ஒரே லாபம், உறையைப் பிரித்துக் காற்றாட வைத்தால் இறுகிவிடும், சீக்கிரம் கரையாது.

அரிசியை மட்டும் மூட்டையாக எடுங்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி உண்டு. அதைத் தாண்டினால் இல்லை. கடைகளில் 26 கிலோ மூட்டை வந்த கதை அதுதான்.

பதில்: சேலத்து அக்கா

ரேஷனில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பும், 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைக்கிறதே, அதை வாங்குகிறீர்களா? வாங்குகிற வீட்டில் பத்துக் கிலோ பருப்பு எதற்கு? அப்புறம், கிரெடிட் கார்டில் தவணை போட்டு வருஷச் சாமான் வாங்காதீர்கள். மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டிக்கே போய்விடும்.

மதுரை மருமகள்

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பங்குனிக்குப் புளியும் மிளகாயும் மட்டும் எடுக்கிறேன், அரிசி ஒரு மூட்டை. சோப்பை இவர் தீர்த்து முடிக்கட்டும். அரிசிக்கு வேப்பிலை போடலாமா?

விருதுநகர்க்காரி

போடலாம், ஆனால் நிழலில் நன்றாகக் காய்ந்த இலையாக இருக்கட்டும். பச்சை இலையின் ஈரத்தில் அரிசி பூஞ்சணம் பிடிக்கும். இல்லையென்றால் வசம்பைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். மூட்டையை வெறுந்தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.