ராமேஸ்வரம் அரை மாரத்தான்: குப்பை கடலுக்குப் போகாம நடத்த என்ன வழி?

கரையோட்டம்:
வணக்கம். பிப்ரவரி கடைசி ஞாயித்துக்கிழமை ஊர் ஓட்டம் நடத்துறோம். 21 கிமீக்கு 800 பேர், 10 கிமீக்கு 1200 பேர். 21 கிமீ ஓடுறவங்க தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனையில முடிக்கிற மாதிரி யோசனை. பாட்டில் தண்ணி கிடையாது, காகிதக் கப்தான். வழி நெடுக ஆள் போட்டுப் பொறுக்கிடலாம்னு இருக்கோம். வேற என்ன கவனிக்கணும்?

வாடைக்காத்து:
முதல்ல காகிதக் கப்பை விடுங்க. உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருந்தா, தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேருந்து தடை. அதைவிடப் பெருசு காத்து. தனுஷ்கோடி ரோட்டுல வாடை அடிச்சா கப்பு மன்னார் வளைகுடாவுக்குப் போகும், தென்மேக்குக் காத்தான கச்சான் அடிச்சா பாக் ஜலசந்திக்கு. ஆள் குனியறதுக்குள்ள போயிடும். பறக்குற பொருளே வழியில இருக்கக்கூடாது.

அரிச்சல்முனையும் வேண்டாம். 800 பேரைத் திரும்பக் கூட்டியார வண்டி வேணும், சேத்துப்பரப்புல பூநாரை மேயுற காலம் வேற. போய்த் திரும்புற ஓட்டமா வைங்க. 10.5 கிமீயில, முகுந்தராயர் சத்திரத்துக்கு முன்னாடியே திரும்பிடலாம். ஒரே தண்ணிப் பந்தல் ரெண்டு பக்கத்துக்கும் ஆகும்.

ஆளுக்கு 150 மில்லி வச்சுக் கணக்கு: 2.5 கிமீயில திரும்பி வரும்போது மட்டும் குடுத்தாப் போதும், 300 லிட்டர். 5 கிமீயில 420, 7.5-ல 240, 10.5-ல 120. அஞ்சுல ஒரு பங்கு கூட்டினா 20 லிட்டர் கேன் 65 பிடிக்கும். முடிவிடத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர், தனியா 50 கேன்.

கரையோட்டம்:
அப்ப எவர்சில்வர் டம்ளரா? எத்தனை வேணும்? கழுவுறது எப்படி?

பனங்காடு:
பாத்திர வாடகைக் கடையிலயே எடுக்கலாம். 2000 பேரையும் ஒண்ணா கிளப்பிவிட்டா 5 கிமீ பந்தல்ல நிமிஷத்துக்கு 100 பேர் வரை குவிவாங்க. ஒரு டம்ளர் கழுவித் திரும்ப வர 8 நிமிஷம் ஆகும், அப்ப 800 டம்ளர் வேணும். 500 பேரா நாலு அணி, 10 நிமிஷ இடைவெளின்னு அனுப்புனா கூட்டம் பாதியாகும், 400 போதும். 500 வச்சிருந்தா நிம்மதி. பாதி டம்ளர்தான் ஊத்தணும், நிறைச்சா மிச்சம் கீழதான் போகும்.

மூணு அண்டா, ஒவ்வொண்ணும் 50 லிட்டர்: சோப்புத் தண்ணி, அலசல், பிளீச்சிங். மூணாவதுல புது பிளீச்சிங் பவுடர் 17 கிராம். தனிச் சொம்புல கரைச்சு, தெளிவை மட்டும் ஊத்துங்க, இல்லன்னா சுண்ணாம்பு டம்ளர்ல படியும். ஒரு நிமிஷம் முக்கிக் கவுத்து வைங்க, துணியால துடைக்க வேண்டாம். திறந்து கிடந்த பவுடர் கடல் ஈரத்துல வீரியம் இழந்திருக்கும், வாங்காதீங்க. அலசலுக்கு உவர்ப்புத் தண்ணி எடுத்தா குடிக்கிறவங்க வாயில உப்புக் கரிக்கும். கழுவுன தண்ணியை மணல்ல கொட்டாம டிரம்ல திருப்பி எடுத்துட்டு வரணும்.

உப்பளம்:
கழிப்பறையை மறந்துடாதீங்க. 60 பேருக்கு ஒண்ணுன்னாலும் 34 வேணும். தீவுல நல்ல தண்ணி மணலுக்கடியில, உப்புத்தண்ணி மேல மெல்லிசா மிதக்குது. குழி தோண்டினா கழிவு கிணத்துக்குள்ள இறங்கிடும். தொட்டி வச்ச நடமாடும் கழிப்பறை மட்டும்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடுற காலம். கடல் பக்கம் வெள்ளை விளக்கு அடிச்சா ஆமை கரையேறாது, குஞ்சும் வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுக்கு வந்துடும். 6:15-க்கு ஆரம்பிச்சா விளக்கே வேண்டாம், ஜெனரேட்டரும் மிச்சம்.

சாப்பாட்டுக்குச் சுண்டல், வாழைப்பழம் போதும். பனை ஓலைக் கொட்டான்ல குடுங்க. ஒரு மாசம் முன்னாடியே சொல்லி, நல்லா வெயில்ல காயவச்சு வாங்குங்க, ஈரம் இருந்தா பூசணம் பிடிக்கும். பதக்கமும் பனையிலயே செய்யலாம். சங்கு, சிப்பி, பவளப்பாறையில நினைவுப்பரிசு மட்டும் வேண்டவே வேண்டாம். பவளப்பாறை முழுக்கவும், சங்கு சிப்பியில பல வகையும் 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது.

வெளியூர்க்காரங்க காருதான் எல்லாத்தையும் விடப் பெரிய புகை. 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்ததுலேருந்து ரயில் ராமேஸ்வரம் வரைக்கும் வருது. தொடக்க இடத்தை ஸ்டேஷன்லேருந்து நடக்குற தூரத்துல வச்சு, முதல் நாள் ராத்திரி தங்க மண்டபம் பேசுங்க.

கரையோட்டம்:
ரொம்ப நன்றி. அரிச்சல்முனையைக் கைவிடுறோம். வேகமா ஓடுறவங்க நின்னு குடிக்க மாட்டாங்களே, டம்ளரோட ஓடிட்டா?

பனங்காடு:
பந்தல் தாண்டி 50 மீட்டர்ல ஒண்ணு, 100 மீட்டர்ல ஒண்ணு மீன் கூடை வைங்க. வாய் அகலமா இருக்கு, ஓடிக்கிட்டே போடலாம். அடியில பழைய சாக்கு விரிச்சா டம்ளர் நசுங்காது. 21 கிமீக்காரங்ககிட்ட சொந்தக் குடுவை கொண்டுவரச் சொல்லிப் பதிவுப் படிவத்துலயே கேளுங்க, அவங்களுக்குப் பந்தல்ல குழாய் வச்ச ரெண்டு கேன் தனியா.