செல்லுக்குள் கால்சியம் ஏறினால் சிறுநீரகம் கெடுமாமே, நெத்திலியையும் பாலையும் நிறுத்தணுமா?

செம்பனை (சுங்கை சிப்புட்):
ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துல குலை வெட்டுறவங்களுக்குச் சிறுநீரகம் பத்திப் பேசணும். "செல்லுக்குள்ள கால்சியம் ஏறினா புரதத்தை வெட்டுற என்சைம் வேலை செய்ய ஆரம்பிச்சிடும்"னு சொன்னா, நெத்திலி சாப்பிடலாமான்னுதான் முதல்ல கேட்பாங்க. பப்பாளிப் பாலைத் தடவினா கறி மெத்துன்னு ஆகுதே, அதை உதாரணமா சொல்லலாமா?

ஆய்வுக்கூடம்:
நெத்திலியை நிறுத்த வேண்டாம். இரத்தத்துல தனித்து நிற்கிற கால்சியம் லிட்டருக்குச் சுமார் 1.2 மில்லிமோல். செல்லுக்குள்ள அதுல பத்தாயிரத்துல ஒரு பங்குதான். உள்ள வர்றதை வெளியே தள்ளுற பம்புக்கு ஏடிபி, அதாவது செல்லுக்குச் சக்தி தர்ற மூலக்கூறு, வேணும். இரத்த ஓட்டம் குறைஞ்சா ஆக்ஸிஜன் குறையும், ஏடிபி தீரும், பம்பு நிக்கும், கால்சியம் உள்ளேயே தேங்கும். சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

அப்போ வேலையைத் தொடங்குறதுதான் கால்பெயின், நீங்க சொன்ன புரதத்தை வெட்டுற என்சைம். பப்பாளிப் பாலில் இருக்கிற பப்பெயினுக்கு இது உறவு, அதனால உங்க உதாரணம் பொருந்தும். ஆனா பப்பெயினுக்குக் கால்சியம் தேவையில்லை, இதுக்குத் தேவை. கால்பாஸ்டாட்டின்னு ஒரு புரதம் இதைப் பிடிச்சு வச்சிருக்கும். அந்தப் பிடியும் தளரும். கால்பெயின் எல்லாத்தையும் கூழாக்காது, குறிப்பிட்ட இடத்துலதான் வெட்டும். செல் சவ்வுக்கு அடியில வலை மாதிரி தாங்குற ஸ்பெக்ட்ரின் அறுந்தா, சோடியம் பம்பு இடம் மாறும், செல்லோட மேல் ஓரத்துல தூரிகை மாதிரி நிற்கிற நுண்ணிய இழைகள் உதிர்ந்து சிறுநீரகக் குழாயை அடைக்கும்.

செம்பனை:
ஏன் சிறுநீரகம் இவ்வளவு சீக்கிரம் அடிபடுது? இரத்தம் நிறைய போற உறுப்பாச்சே.

ஆய்வுக்கூடம்:
போறதுல பெரும்பங்கு வெளி அடுக்கான புறணிக்குத்தான். உள் பக்கம் மெடுல்லாவுல ஆக்ஸிஜன் அழுத்தம் 10-20 மிமீ பாதரசம்தான். இந்த ரெண்டும் சேர்ற எல்லையில இருக்கிற அண்மைக் குழாயின் (வடிகட்டின நீர் முதல்ல போற குழாய்) கடைசிப் பகுதி எப்பவும் கடுமையா உழைக்கும், ஆக்ஸிஜன் இல்லாம ஏடிபி தயாரிக்கவும் அதால அவ்வளவா முடியாது.

டயாலிசிஸ் தாதி:
அண்ணே, பேச்சுல இதைக் கண்டிப்பா சேருங்க. வெயில்ல நீர் வத்தின உடம்போட டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டா, சிறுநீரகத்துக்குள்ள போற நாளம் சுருங்கும். மேலே சொன்ன ஏடிபி தட்டுப்பாடு அங்கதான் தொடங்கும். சிறுநீர் கொப்பி-ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்துல வந்தா காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே கிளினிக் போகணும். தசை உடைஞ்சு அதுல இருக்கிற மயோகுளோபின்ங்கிற புரதம் இறங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். அப்போ சிறுநீர்ல முக்கிப் பார்க்கிற பட்டைச் சோதனை "இரத்தம்"னு காட்டும், நுண்ணோக்கியில சிவப்பணு இருக்காது. அந்த நிலையில இரத்தக் கால்சியம் இறங்கியிருக்கும், ஏன்னா அது செத்த தசையில படிஞ்சிருக்கு. வலிப்போ இதயத் துடிப்புல கோளாறோ இல்லாதவங்களுக்குக் கால்சியம் ஏத்தக்கூடாது. தசை தேறும்போது அதெல்லாம் திரும்பி இரத்தத்துக்கு வந்து அளவு மீறிடும்.