கரடி முகத்தில் விரிசல், உதவுங்கள்

செயின்சாவால் (இயந்திர ரம்பம்) செதுக்கிய மரக்கரடியின் மூக்கருகே விரிசல் விட்டிருக்கிறது. வாரத்துக்கு வாரம் அகலமாகிறது.

ஒரே பைன் கட்டை. 4 அடி உயரம், 18 அங்குல விட்டம். மரத்தை வெட்டிய 10 நாளில் ஈரத்தோடே செதுக்கினேன், அவசரம்தான். முடித்து 5 வாரம் ஆகிறது. கூரைக்கு அடியில், வெயில் படாமல் நிற்கிறது. விரிசலில் இப்போது சுண்டுவிரல் நுழையும்.

மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். நாலே நாளில் மறுபடி பிளந்தது. அப்புறம் மேல்முனையிலும் அடியிலும் மெழுகு பூசினேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. ஈரமரம் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டி அதிகம் சுருங்கும், எங்காவது பிளக்கும், சரி. ஆனால் முகத்திலா? அந்த ரோமக் கோடுகளுக்கே இரண்டு நாள் போனது.

இப்போதே முதுகில் மையம்வரை ஒரு நேர்வெட்டுப் போட்டு, பிளவை அந்தப் பக்கம் இழுத்தால் முகத்து விரிசல் நிற்குமா, இல்லை முழுசாகக் காய்ந்தபின் மரச்சீவல் செருகி அடைப்பதா?