தம்பி வர மறுத்தபோது

மனநோயில் தவித்த என் தம்பி மருத்துவமனைக்கு வர மறுத்தபோது, "ஏதாவது பொய் சொல்லி வண்டியில் ஏற்றிவிடு" என்றுதான் உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரே தன்னை வேவு பார்க்கிறது என்று நடுங்குகிறவனை நாமும் ஏமாற்றினால், பிறகு யாரைத்தான் அவன் நம்புவான்?

முதலில் நான் மட்டும் மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். சந்தேகம், கோபம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனதை அவர் நிறுத்தினார். "கடைசியாக எப்போது சாப்பிட்டார்? தூங்குகிறாரா? யாரையாவது அடித்தாரா? சாவைப் பற்றிப் பேசினாரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கண்ணால் கண்டதை மட்டும் தேதி போட்டு எழுதினேன். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளை ஒட்டியிருந்தான். விஷம் என்று சாப்பாட்டைத் தொடவில்லை. இடுப்பில் நிற்காத கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தான்.

இந்தக் குறிப்புகள்தான் கைகொடுத்தன. வர மறுப்பவரை மருத்துவமனையில் சேர்ப்பது பற்றிய, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 89ஆவது பிரிவு, நோயின் பெயரோடு நிற்பதில்லை. அண்மையில் தன்னைத் தானே காயப்படுத்த முயன்றாரா, பிறரிடம் வன்முறை காட்டினாரா, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறாரா என்று பார்க்கிறது. நோயாளி யாரையும் பிரதிநிதியாக நியமிக்காதபோது உறவினர் விண்ணப்பிக்கலாம். இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதலில் அதிகபட்சம் 30 நாட்கள்தான் வைத்திருக்க முடியும்.

நண்பருக்காகத் தவிக்கிறவர்களுக்கு ஒன்று: வீட்டிலேயே அவர் கவனிப்பாரற்றோ கொடுமைப்படுத்தப்பட்டோ கிடந்தால் காவல் நிலையத்தில் சொல்லலாம். காவல் அதிகாரி நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். மதிப்பீட்டுக்காக அவரை மருத்துவமனையில் 10 நாட்கள் வரை அனுமதிக்க நடுவர் உத்தரவிடலாம்.

ஆம்புலன்ஸ் வருமுன் தம்பியிடம் நேராகச் சொன்னேன்: "உன்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறோம். பிடிக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தில் நீ முறையிடலாம்." கத்தினான், அழுதான். பிறகு, "என் அறைச் சாவி யாரிடம் இருக்கும், அக்கா?" என்றான். பூட்டிச் சாவியை அவன் கையிலேயே கொடுத்தேன். அவனைக் கட்டக் கயிறு தேவைப்படவில்லை.

தெளிந்த பிறகு அவனே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தன் பிரதிநிதியை நியமித்தான். என்னை அல்ல, கல்லூரித் தோழனை. மனம் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் இனி விண்ணப்பம் தர வேண்டியவர் அந்தத் தோழர்தான் என்பதால், நோய் திரும்புவதற்கு முன் தம்பியிடம் என்னென்ன மாறும் என்பதையெல்லாம் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.